பட்டுச் சேலையும் கொரியக் காரும்: தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் படிக்கக் கத்துக்குவோம்

பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து போனால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால் ஹூண்டாய் தொழிற்சாலை. ஒரு பக்கம் ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற கை. இன்னொரு பக்கம் நிமிஷக் கணக்கில் கார் இறங்குகிற அசெம்பிளி லைன். ரெண்டுமே உள்ளூரிலும் விற்கும், கடல் தாண்டியும் போகும்.

கொஞ்ச வருஷமாகப் பேப்பரில் அடிக்கடி ஒரு தலைப்பைப் பார்த்திருப்பீங்க: "தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது, ஜவுளித் துறைக்கு நல்ல காலம்." 2022-ல் ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, 2024-ல் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீச்டென்ஸ்டைன் அடங்கிய எஃப்டா, 2025 ஜூலையில் பிரிட்டன். இந்தியா வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. சரி, அந்த நல்ல காலம் பிள்ளையார்பாளையம் வரைக்கும் வருமா? "கண்டிப்பா வரும்" என்பார்கள் சிலர். "எல்லாம் கம்பெனிக்காரனுக்குத்தான்" என்பார்கள் சிலர். ஒப்பந்தத்தைத் திறந்து படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தப் பாடம். எக்கனாமிக்ஸ் பேக்ரவுண்டு வேண்டாம், பிளஸ் டூ கணக்கு போதும்.

1. முதலில் அடிப்படை

வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது அரசாங்கம் வாங்கும் வரிதான் சுங்கவரி. உலக வணிக அமைப்பில் உறுப்பினராக இருக்கும் நாடு, ஒரு உறுப்பு நாட்டுக்கு ஒரு வரி, இன்னொரு நாட்டுக்கு வேறு வரி என்று ஆள் பார்த்துப் போடக்கூடாது. எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே சாப்பாடு. 1947-ல் உருவான காட் உடன்படிக்கையின் முதல் பிரிவே இதுதான்.

அதே உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கு கொடுக்கிறது. ரெண்டு நாடுகள் தங்களுக்குள் நடக்கும் வணிகத்தில் பெரும்பகுதிக்கு வரியை நீக்கிக்கொள்வதாக இருந்தால், தங்களுக்கு மட்டும் சலுகை வைத்துக்கொள்ளலாம். இந்த வாசல் வழியாக வந்தவைதான் இருதரப்புத் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள். சரக்கோடு சேவை, முதலீடு எல்லாவற்றையும் சேர்த்தால் அதற்கு "விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம்", சுருக்கமாக செபா, என்று பெயர்.

2. கொரியா எப்படிப் படித்தது?

இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள நல்ல உதாரணம் தென்கொரியா. எண்ணெய் கிடையாது, கனிமவளம் குறைவு, உள்ளூர்ச் சந்தையும் சின்னது. கப்பல், கார், சிப், எஃகு என்று செய்து வெளியே விற்றால்தான் பிழைப்பு. 1997 நிதி நெருக்கடி வரை அந்த நாட்டுக்கு ஒரு இருதரப்பு ஒப்பந்தம்கூடக் கிடையாது. நெருக்கடிக்குப் பிறகுதான் தேடிப் போக ஆரம்பித்தது.

முதலில் போனது அமெரிக்காவிடமோ ஜப்பானிடமோ இல்லை, பூமியின் அந்தக் கோடியில் இருக்கும் சிலியிடம். சின்னப் பொருளாதாரம், பருவமும் நேர் எதிர். தப்பு நடந்தாலும் அடி சின்னதாக இருக்கும். செமஸ்டருக்கு முன்னாடி மாடல் எக்ஸாம் எழுதுகிற மாதிரி. 2003 பிப்ரவரியில் கையெழுத்து, 2004 ஏப்ரல் 1-ல் அமல்.

அந்த மாடல் எக்ஸாமே சுலபமாக முடியவில்லை. சிலித் திராட்சை வந்தால் நாங்கள் என்ன ஆவது என்று கொரிய விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்ற ஒப்புதல் பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் அரிசி, ஆப்பிள், பேரிக்காய் மூன்றையும் கொரியா சலுகைக்கு வெளியே நிறுத்தியது. பதிலுக்குச் சிலி, வாஷிங் மெஷினையும் ஃபிரிட்ஜையும் வெளியே நிறுத்தியது. பாதிக்கப்படும் விவசாயிகளுக்கு ஆதரவு நிதி கொடுக்கத் தனிச் சட்டமும் வந்தது.

அதற்குப் பிறகுதான் வேகம். 2006-ல் சிங்கப்பூர், 2010-ல் இந்தியா, 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2012-ல் அமெரிக்கா, 2015-ல் சீனா. அமெரிக்க ஒப்பந்தத்திலும் அரிசிக்குக் கதவு திறக்கவில்லை. கார் விற்க வேண்டும், ஆனால் அரிசி விவசாயியை விட்டுக்கொடுக்கக்கூடாது. பேச உட்காரும் முன்பே ரெண்டு பட்டியலும் கையில் இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தம் இரும்புக் கவசம் இல்லை. 2012-லிருந்து ஒப்பந்தம் இருந்தும், 2025-ல் அமெரிக்கா கொரியப் பொருள்கள் மீது 15 சதவீத வரி போட்டது.

3. அந்தக் கொரியா நம்ம மாவட்டத்துக்கு வந்தது எப்படி?

ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்தது 1996-ல்; சான்ட்ரோ கார் 1998-ல். இந்தியா–கொரியா செபா அமலானதோ 2010 ஜனவரி 1-ல். அதாவது தொழிற்சாலை முதலில், ஒப்பந்தம் அப்புறம். காரணம் எளிது. வெளியிலிருந்து வரும் முழுக் கார் மேல் இந்தியா கடுமையான வரி வைத்திருந்தது. அந்தச் சுவரைத் தாண்டச் சுவருக்கு உள்ளேயே வந்து தொழிற்சாலை கட்டிவிட்டார்கள். உள்ளே வந்த பிறகு அவர்களுக்கு வேண்டியது உதிரிபாகமும் எஃகும் குறைந்த வரியில் வருவது. செபா அந்த வேலையைச் செய்தது. முழுக் காரை இந்தியா சலுகைக்கு வெளியே வைத்தது. பாகங்களுக்கு வரி படிப்படியாக இறங்கியது.

விளைவு என்ன? 2009-10-ல் கொரியாவிலிருந்து நமது இறக்குமதி சுமார் 850 கோடி டாலர், அங்கே நமது ஏற்றுமதி சுமார் 340 கோடி டாலர். 2022-23-ல் இறக்குமதி சுமார் 2,100 கோடி, ஏற்றுமதி சுமார் 660 கோடி. நம்ம பக்கம் பள்ளம் பெருசாகிவிட்டது. ஒப்பந்தத்தைத் திருத்துவது பற்றி 2016 முதல் பேச்சு நடந்துவருகிறது.

இதைப் பார்த்து உடனே "ஏமாந்துட்டோம்" என்று எழுதிவிடாதீங்க. இறங்கும் சரக்கில் ஒரு பகுதி நம்ம ஊர்த் தொழிற்சாலைக்குள் போய்க் காராகவும் டிவியாகவும் வெளியே வருகிறது. அந்தக் கார் சென்னைத் துறைமுகம் வழியாக வேறு நாட்டுக்குப் போகும்போது, கொரியாவோடான கணக்கில் அது ஏறுவதில்லை. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சும். கொரியா தன் காருக்காகவும் எஃகுக்காகவும் இவ்வளவு யோசித்தது. நாம் எதற்காக யோசித்தோம்? அந்தப் பட்டியலில் தறி எங்கே இருக்கிறது?

4. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய நாலு பக்கம்

ஒப்பந்தம் ஆயிரம் பக்கம் இருக்கலாம். ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள நாலு இடம் பார்த்தால் போதும். ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நாலையும் பார்ப்போம்.

*முதல் பக்கம்: குறியீடு.* உலகத்தில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் எச்.எஸ். என்ற எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. பட்டு என்றால் 50-ஆம் அத்தியாயம். பட்டுக்கூடு 5001, முறுக்கேறாத கச்சாப் பட்டு 5002, பட்டு நூல் 5004, நெய்த பட்டுத் துணி 5007. சேலையில் தையல் இல்லாததால் அது துணிக் கணக்கில் 5007-ல் வரும். ஜரிகை தனியாக 5605. எண் தெரியாமல் ஒப்பந்தத்தைத் திறந்தால், ரோல் நம்பர் தெரியாமல் ரிசல்ட் பார்க்கிற மாதிரிதான்.

*இரண்டாம் பக்கம்: வரி அட்டவணை.* அந்த எண்ணுக்கு எதிரே, இப்போது எத்தனை சதவீதம், எந்த வருஷம் எவ்வளவு குறையும், அல்லது "விலக்கு" என்று போட்டிருக்கும். அமீரகம் பொதுவாக வாங்குவது 5 சதவீதம். 2022 மே 1 முதல் நம்ம ஜவுளிக்கு அது பூஜ்யம். 20,000 ரூபாய்ச் சேலைக்கு 1,000 ரூபாய் மிச்சம். சிங்கப்பூரை எடுத்துக்கங்க. 2005-லிருந்து நமக்கு ஒப்பந்தம் உண்டு. ஆனால் அங்கே மதுபானம் போன்ற சிலவற்றைத் தவிர எதற்குமே சுங்கவரி கிடையாது. ஆக ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேலைக்கு வரி பூஜ்யம்தான்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். அமீரகத்தில் மிச்சமான அந்த 1,000 ரூபாய் யாருக்குப் போகும்? இறக்குமதி செய்கிற கடைக்காரருக்கா, வாங்குகிறவருக்கா, ஏற்றுமதி செய்கிறவருக்கா, நெய்கிறவருக்கா? ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் கிடையாது. நெசவாளருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அதைத் தீர்மானிப்பது முதலாளியோ சங்கமோதான். வரி குறைந்ததால் கூலி தானாக ஏறாது. அதோடு, கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் காந்தி ரோட்டில் சேலை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சேலைக்கு இந்த அட்டவணையோடு சம்பந்தமே இல்லை.

*மூன்றாம் பக்கம்: பிறப்பிட விதி.* சலுகை இந்தியப் பொருளுக்கு மட்டும்தான். எது இந்தியப் பொருள்? வேறு நாட்டில் செய்ததை இங்கே லேபிள் மாற்றி அனுப்பினால் செல்லாது. இந்தியா–கொரியா செபாவின் பொதுவிதிக்கு ரெண்டு நிபந்தனை: மூலப்பொருளின் எச்.எஸ். எண்ணும் செய்த பொருளின் எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். கணக்கு இதுதான்:

உள்நாட்டு மதிப்பு = (கப்பலேறும் விலை − வெளிநாட்டு மூலப்பொருள் விலை) ÷ கப்பலேறும் விலை × 100

உதாரணத்துக்கு எண் போட்டுப் பார்ப்போம். சேலையின் விலை 20,000 ரூபாய். அதில் சீனப் பட்டு 5,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கங்க. மீதியெல்லாம் இங்கே: சாயம், ஜரிகை, பாவு ஓட்டுவது, நெசவுக் கூலி. (20,000 − 5,000) ÷ 20,000 = 75 சதவீதம். எண்ணும் 5002-லிருந்து 5007-க்கு மாறிவிட்டது. பாஸ். அதே 20,000 ரூபாய்க்கு ஒரு மின்னணுச் சாதனம். 14,000 ரூபாய்க்கு வெளிநாட்டுப் பாகம். 30 சதவீதம்தான். ஃபெயில்.

கவனிச்சீங்களா? கோர்வை போட ரெண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து கரையையும் உடலையும் கைக்கோர்வையாக இணைக்கிற அந்த உழைப்பு, இந்தக் கணக்கில் முழுக்க முழுக்க உள்நாட்டு மதிப்பு. இயந்திரப் பொருள்கள் திணறும் பரீட்சையில் கைத்தறி சுலபமாகத் தேறுகிறது. ஆனால் தேறினால் மட்டும் போதாது, தேறியதற்குச் சான்றிதழ் வேண்டும். எந்தப் பட்டு எங்கே வாங்கியது, ரசீது எங்கே, எவ்வளவு போட்டது எல்லாம் காட்ட வேண்டும். பெரிய கார் கம்பெனிக்கு இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருப்பார்கள். பத்துத் தறி வைத்திருப்பவருக்குக் கணக்கு நோட்டு ஒன்றுதான் இருக்கும்.

இப்படி நாட்டுக்கு நாடு ஒரு விதி, ஒரு சதவீதம், ஒரு படிவம் என்று பின்னிக்கொள்வதைப் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி இத்தாலிய நூடுல்ஸ் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். நமக்கு அதைவிட நல்ல வார்த்தை இருக்கிறது: இடியாப்பச் சிக்கல்.

*நான்காம் பக்கம்: பெயர்.* பெரும்பாலோர் புரட்டாத பக்கம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைத்த அந்தப் பாதுகாப்பு இந்திய எல்லைக்குள் மட்டும்தான். வெளியே ஒவ்வொரு நாட்டிலும் தனியாகப் பதிய வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கையில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் 23-ஆம் பிரிவில் உயர்ந்த பாதுகாப்பு: வேறு ஊரில் செய்த ஒயினை "ஷாம்பெயின் மாதிரி" என்று போட்டுக்கூட விற்கக்கூடாது. மற்ற பொருள்களுக்கு 22-ஆம் பிரிவு மட்டும்: வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். ஆக, எங்கோ விசைத்தறியில் ஓட்டியதற்கு "காஞ்சிபுரம் ஸ்டைல்" என்று பெயர் வைத்தால் தடுப்பது கஷ்டம். இந்த உயர்ந்த பாதுகாப்பை எல்லாப் பொருளுக்கும் நீட்டுங்கள் என்று இந்தியா நெடுநாளாகக் கேட்டுவருகிறது.

கொரியா–ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தைப் பாருங்க. ஐரோப்பா தன் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொரியாவில் பாதுகாப்பு வாங்கிக்கொண்டது. கொரியாவும் பொசொங் பச்சைத் தேயிலை உள்பட தன் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒரு தேயிலைத் தோட்டத்து ஊர்ப் பெயரை ஒப்பந்தத்துக்குள் கொண்டுபோக முடியும் என்றால், ஒரு நெசவு ஊர்ப் பெயரையும் கொண்டுபோக முடியும்.

5. எதிர்க்கட்சி: ராமநகராவின் விவசாயி

இன்னொரு பக்கமும் பார்க்காவிட்டால் பாடம் பாதிதான். காஞ்சிபுரம் தறிக்கு வரும் பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்துப் பட்டு. ராமநகரா பட்டுக்கூடு சந்தை அதற்குப் பேர்போனது. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறக்கினார்கள். நெசவாளருக்கு மலிவாகப் பட்டு கிடைக்கட்டும் என்ற எண்ணம். ஆனால் கூடு விலை விழுந்து கர்நாடக விவசாயிகள் போராட்டத்துக்கு வந்தார்கள். 2013-ல் வரி 15 சதவீதமாக ஏறியது.

இது ஒப்பந்தத்தால் நடந்தது இல்லை, நம்ம பட்ஜெட்டில் நாமே எடுத்த முடிவு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். தறிக்காரரின் லாபம் கூடு வளர்ப்பவரின் நஷ்டமாகலாம். கொரியாவுக்கு அரிசி எப்படியோ, நமக்குக் கூடு அப்படி. 2019 நவம்பர் 4-ல் சீனாவும் இருக்கும் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோது, இந்த மாதிரிப் பல பயங்கள் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. விலகியது சரியா தப்பா என்று பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், நஷ்டப்படுகிறவருக்கு என்ன ஈடு என்று மூன்றையும் சொல்லாத பதில் முழுப் பதில் ஆகாது.

6. கடைசியாக நம்ம வேலை

நாலு பக்கமும் பார்த்தாச்சு. சேலையைப் பொறுத்தவரை வரிப் பக்கத்தில் கிடைப்பது கொஞ்சம்தான். பிறப்பிடப் பக்கத்தில் நமக்குப் பலம் இருக்கு, பேப்பர் இல்லை. பெயர்ப் பக்கத்தில்தான் உண்மையான சொத்து இருக்கு, அதை எழுதி வாங்கணும். அதனால் இனிமேல் ஒரு ஒப்பந்தச் செய்தி வந்தால் "வரி எத்தனை குறைஞ்சுது?" என்பதோடு நிறுத்தாதீங்க. "யார் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பாங்க? காஞ்சிபுரம் என்ற பெயர் அந்த நாட்டில் யாருக்குச் சொந்தம்?" இந்த ரெண்டையும் கேளுங்க.

பெயர் விஷயம் டெல்லியில் பேச வேண்டியது. பேப்பர் விஷயம் நம்ம கையில். கையெழுத்துப் போட்டதோடு கொரியா வேலை முடிந்தது என்று இருக்கவில்லை. ஐரோப்பிய ஒப்பந்தத்தில் 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்குச் சலுகை வேண்டுமானால் ஏற்றுமதியாளர் சுங்கத்துறை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சின்னக் கம்பெனிகள் இதில் தடுமாறக்கூடாது என்று, பிறப்பிடக் கணக்கு வைக்க எஃப்.டி.ஏ. பாஸ் என்ற மென்பொருளை அரசு இலவசமாகவே கொடுத்தது.

இங்கே சென்னையில் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் இருக்கு. பிறப்பிடச் சான்றிதழை இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு. இல்லாதது, ஒரு சங்கத்தின் நோட்டில் இருக்கும் பட்டு ரசீது, ஜரிகை ரசீது, கூலிக் கணக்கை எடுத்து மேலே சொன்ன அந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டு, எந்த நாட்டு விதிக்குத் தேறும் என்று தமிழில் காட்டுகிற ஒரு சின்ன ஆப்.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கலைன்னு புலம்பறவங்க கை தூக்குங்க. ஃபார்முலா மூன்றாம் பக்கத்தில் இருக்கு. தறி, பஸ் ஏறி இறங்கற தூரத்தில் இருக்கு. கோடு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய், ஒரு சேலைக்கு எத்தனை ரசீது சேருதுன்னு மட்டும் எண்ணிட்டு வாங்க.